பல்வலி நின்னுடுச்சு, ஆனா கன்னம் வீங்கியிருக்கு: நாளைக்கு வரைக்கும் காத்திருக்கலாமா?

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. கீழ் கடைவாய்ப்பல்லுல மூணு நாளா உயிர் போற வலி, நேத்து நைட்டு திடீர்னு வலி நின்னுடுச்சு, நிம்மதியா தூங்கினாங்க, காலையில எழுந்து பாத்தா கன்னம் வீங்கியிருக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வழக்கமா போற கிளினிக் பூட்டியிருக்கு. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை வீட்ல இருக்கு, அதக் குடுத்துட்டு நாளைக்கு கூட்டிட்டுப் போனா போதுமா?

போதாதுங்க. இன்னிக்கே ஒரு டாக்டர் அவங்க வாயத் தொறந்து பாத்தாகணும். அது பல் கிளினிக்கா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சியாங்கறத முடிவு பண்ண அஞ்சு நிமிஷம் ஆகும், மொதல்ல அதப் பண்ணிட்டு வந்து மீதிய படிங்க.

அம்மாவ ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல ஒக்கார வைங்க. வாய முடிஞ்ச அளவு தொறக்கச் சொல்லுங்க, அவங்க விரல ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி முன்பல்லுக்கு நடுவுல வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, சாதாரணமா மூணு விரல் போகும், ரெண்டு விரல்கூட போகலன்னா அது கெட்ட அறிகுறி. ஒரு மடக்கு தண்ணி குடுங்க, முழுங்க கஷ்டப்படுறாங்களா, எச்சி முழுங்க முடியாம வாயோரமா வழியுதா பாருங்க. நாக்கத் தூக்கச் சொல்லி நாக்குக்கு அடியில பாருங்க, அந்த இடம் மெத்துனு இருக்கணும், கட்டியா புடைச்சு நாக்க மேல தூக்கிட்டு இருந்தா ஆபத்து. அப்புறம் வீக்கம் எங்க இருக்குன்னு விரலால தடவிப் பாருங்க. கன்னத்தோட நிக்குதா, தாடை எலும்பத் தாண்டி கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கா, இல்ல கண்ணுப் பக்கம் ஏறியிருக்கா? காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல இருக்கா, குளுருதா? குரல் மாறியிருக்கா, வாய் நிறைய தண்ணிய வெச்சுக்கிட்டு பேசற மாதிரி கொழகொழன்னு இருக்கா? படுத்தா மூச்சு முட்டுதுன்னு எழுந்து ஒக்காந்துக்கறாங்களா?

இதுல ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிதான், பல் கிளினிக் தேடி ஒரு நிமிஷம்கூட செலவு பண்ணாதீங்க. மூச்சுல கஷ்டம் இருந்தா ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, நீங்களே வண்டியில ஒக்கார வெச்சு கூட்டிட்டுப் போகாதீங்க, படுக்கவும் வைக்காதீங்க, ஒக்காந்தபடியே போகட்டும். இது எதுவுமே இல்ல, வீக்கம் கன்னத்தோட நிக்குது, வாய் நல்லா தொறக்குது, தண்ணி இறங்குதுன்னா இன்னிக்குள்ள ஒரு பல் டாக்டர். அவ்ளோதான் முடிவு.

நான் பல் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில முகம் தாடை அறுவை சிகிச்சைப் பிரிவுல பல வருஷம் நைட் டியூட்டி பாத்தவன். அந்த ராத்திரிங்கள்ல நான் கத்துக்கிட்டதுல முக்கியமானது, பல் விஷயத்துல வலிய வெச்சு அவசரத்த அளக்கவே கூடாது. கத்தி அழுதுகிட்டு வர்றவங்க பெரும்பாலும் காலை வரைக்கும் பத்திரமாத்தான் இருப்பாங்க, வலியே இல்லன்னு சொல்லிக்கிட்டு வீங்கின மூஞ்சியோட மெதுவா நடந்து வர்றவங்களப் பாத்தாத்தான் எனக்கு வயித்துல புளியக் கரைக்கும்.

ஏன்னு சொல்றேன். பல்லுக்கு நடுவுல நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த சதை ஒண்ணு இருக்கு. சொத்தை அதத் தொட்டதும் அது வீங்கப் பாக்கும், ஆனா சுத்தி நாலு பக்கமும் கல்லு மாதிரி பல்லு, வீங்க இடமில்ல, அதனால உள்ள அழுத்தம் ஏறுது, அதுதான் அந்த உயிர் போற வலி. படுத்தா தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுறதால வலியும் கூடும், அதனாலதான் பல்வலி ராத்திரியில ஆளப் போட்டு வதைக்குது. ரெண்டு மூணு நாள் இப்படியே போனா அந்த சதை ரத்தம் கிடைக்காம செத்துடும். செத்த நரம்பு வலிக்காது. உங்கம்மாவுக்கு நேத்து நைட்டு நடந்தது அநேகமா இதுதான். வீட்ல எல்லாரும் கடவுளே நின்னுடுச்சேன்னு நிம்மதிப் பெருமூச்சு விடுற அந்த நேரத்துலதான் உள்ள இருக்கற கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள எறங்கி, எலும்பத் தொளச்சு, சதைக்குள்ள வருது, வெளிய வந்ததும் வீக்கம். வலி நின்னுடுச்சுங்கறத நல்ல செய்தியா எடுத்துக்காதீங்க.

கீழ் கடைவாய்ப்பல்லுன்னு நீங்க சொன்னதும்தான் எனக்கு கொஞ்சம் பதறுச்சு. அந்தப் பல்லுங்களோட வேர் நுனி கீழ்த்தாடையோட உட்பக்கத்துக்கு ரொம்ப பக்கம், நாக்குக்கு அடியில சதை ஒரு தரை மாதிரி இருக்கு பாருங்க, ரெண்டாவது மூணாவது கடைவாய்ப்பல்லோட வேர் அந்தத் தரைக்கும் கீழ போகும். அங்க சீழ் உடைஞ்சா நேரா தாடைக்கு அடியில, கழுத்துக்கு மேல இருக்கற இடத்துல பரவும், ரெண்டு பக்கமும் பரவினா நாக்க மேலயும் பின்னாலயும் தள்ளி மூச்சுக்குழல அடைக்கும். இதுக்கு லுட்விக் ஆஞ்சைனான்னு பேரு, 1836ல லுட்விக்ங்கற ஜெர்மன் டாக்டர் இத விவரமா எழுதினார், ஆன்டிபயாடிக் வர்றதுக்கு முந்தின காலத்துல இது வந்தவங்கள்ல பாதிக்கு மேல பிழைக்கல. இன்னிக்கு பெரும்பாலானவங்கள காப்பாத்திடறோம், ஆனா நேரத்துக்கு வந்தாத்தான்.

ஒரு ராத்திரி வந்தவர் கண்ணுலயே நிக்கறார். நாப்பது வயசு இருக்கும், மனைவி கையப் புடிச்சு கூட்டிட்டு வந்தாங்க. அவர் ஒக்காந்திருந்த விதமே வித்தியாசமா இருந்துச்சு, முன்பக்கம் குனிஞ்சு, ரெண்டு கையையும் முட்டியில ஊணி, தாடைய முன்னால நீட்டிக்கிட்டு, கையில ஒரு துண்டு, வழியற எச்சிய அதுல துடைச்சுக்கிட்டே இருந்தார். வலிக்குதான்னு கேட்டேன், இல்லன்னு தலைய ஆட்டினார். தாடைக்கு அடியில கை வெச்சா பலகை மாதிரி கெட்டியா இருக்கு, விரல் அமுங்கவே இல்ல. அஞ்சு நாளா கடையில மாத்திரை வாங்கிப் போட்டிருக்கார், நாலாவது நாள் வலி நின்னதும் வேலைக்கே போயிருக்கார். மயக்க டாக்டரக் கூப்பிட்டு, முழிப்பாவே இருக்கறப்ப மூக்கு வழியா குழாய் போட்டு மூச்ச பத்திரப்படுத்திட்டுதான் கத்தியவே எடுத்தோம். பிழைச்சார், பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தார். காரணமா இருந்தது ஒரே ஒரு சொத்தைப் பல்.

இப்ப அந்த நாலு மாத்திரைக்கு வர்றேன். ஆன்டிபயாடிக் ரத்தத்துல கலந்துதான் போய்ச் சேரும், செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கெடயாது, சீழ் கட்டின பைக்குள்ளயும் மருந்து சரியா எறங்காது. அதனால மாத்திரை போட்டா சுத்தி இருக்கற வீக்கம் கொஞ்சம் அடங்கற மாதிரி தெரியும், கிருமியோட வீடு அப்படியே இருக்கும், மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வரும், இந்தத் தடவை அந்த மருந்துக்குப் பழகின கிருமியா வரலாம். மிச்சம் மாத்திரைன்னா டோசும் பாதி, அது எந்த மருந்து எதுக்குக் குடுத்ததுன்னும் தெரியாது. அமெரிக்க பல் மருத்துவ சங்கம் 2019ல வெளியிட்ட வழிகாட்டுதலே இதத்தான் சொல்லுது, உடம்புல எதிர்ப்பு சக்தி சரியா இருக்கறவங்களுக்கு சாதாரண பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்கு நேரடி வைத்தியம் பண்ணுங்க, காய்ச்சல் மாதிரி உடம்பு முழுக்க பரவற அறிகுறி இருந்தா அப்ப ஆன்டிபயாடிக் சேருங்கன்னு. அம்மாவுக்கு சுகர் இருக்கறதால, வீக்கமும் இருக்கறதால டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதலாம், எழுதினா முழு கோர்ஸும் குடுங்க, ஆனா சீழ வெளிய எடுக்கறதுக்கு அது பதிலாகாது.

வலிக்கு என்ன குடுக்கலாம்? கிளம்பற வரைக்கும் பாராசிட்டமால் 500லேருந்து 1000 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்துல மொத்தம் 4000ஐ தாண்டவே கூடாது, ஒல்லியான ஆளுன்னாலோ கல்லீரல் பிரச்சனை இருந்தாலோ அதவிடக் கம்மி. ஐபுப்ரோஃபென் 400 கூட சேர்த்தா பல்வலிக்கு நல்லாவே கேக்கும், ரெண்டும் சேர்ந்தா தனித்தனியா குடுக்கறதவிட பலன் அதிகம். ஆனா கிட்னி கோளாறு, வயித்துப் புண், ஆஸ்பிரின் ஒத்துக்காத ஆஸ்துமா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, கர்ப்பம், இதுல எது இருந்தாலும் ஐபுப்ரோஃபென் டாக்டரக் கேக்காம வேண்டாம். அம்மாவுக்கு சுகர், 58 வயசு, கூட பிரஷர் மாத்திரையும் சாப்பிடறாங்கன்னா கிட்னி எப்படின்னு தெரியாம குடுக்காதீங்க, பாராசிட்டமாலோட நிறுத்துங்க. ஜலதோஷ மாத்திரை, உடம்புவலி மாத்திரை பலதுல பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அட்டையத் திருப்பி படிச்சுப் பாத்துக் கூட்டுங்க. பல்வலி தாங்காம ரெண்டு நாள்ல இருபது முப்பது மாத்திரை முழுங்கி கல்லீரல் கெட்டு வர்றவங்க உண்டு, பல்லால வந்த ஆபத்தவிட அது பெரிய ஆபத்து. ஆஸ்பிரின நசுக்கி ஈறுல வைக்கிற பழக்கம் இருந்தா நிறுத்துங்க, அது ஈற சுட்டுப் புண்ணாக்கும், கொழந்தைங்களுக்கு ஆஸ்பிரினே கூடாது. வீக்கத்துக்கு மேல வெந்நீர் ஒத்தடம் குடுக்காதீங்க, சீழ வெளிப்பக்கமா இழுக்கும், வேணும்னா துணியில சுத்தின ஐஸ். வெதுவெதுப்பான உப்புத்தண்ணி வாயில வெச்சு மெதுவா கொப்பளிக்கலாம். ஊசியால குத்தி சீழ எடுக்கற வேலை வீட்ல வேண்டவே வேண்டாம்.

அடுத்தது டாக்டரப் புடிக்கறது. இதுல பாதிப்பேர் தோத்துப்போறதே போன்ல பேசற விதத்தாலதான். கிளினிக்குக்கு போன் பண்ணி "பல்வலிங்க, இன்னிக்கு டைம் கிடைக்குமா"ன்னு கேட்டா, போன எடுக்கறவங்களுக்கு அது அன்னிக்கு வந்த பதினஞ்சாவது பல்வலி, புதன்கிழமை வாங்கன்னுடுவாங்க, அவங்கமேலயும் தப்பில்ல. என்ன சொல்லணும்னா, "இன்னிக்குக் காலையிலேருந்து கன்னத்துல வீக்கம், சுகர் இருக்கு, 58 வயசு, கீழ் கடைவாய்ப்பல், மூணு நாள் வலி, காய்ச்சல் இவ்ளோ, வாய் இத்தன விரல் தொறக்குது, தண்ணி முழுங்க முடியுது, இன்னின்ன மாத்திரை சாப்பிடறாங்க, இந்த மருந்து அலர்ஜி." இந்த நாலு வரிய ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு படிங்க. வீக்கம்ங்கற வார்த்தைய மொதல்லயே சொல்லுங்க, சுகர்ங்கறத ரெண்டாவதா சொல்லுங்க. கேக்கற ஆள் டாக்டரா இல்லாட்டியும் இந்த ரெண்டு வார்த்தையும் உள்ள போய் டாக்டர் காதுல விழும். நேரா முன்னாலேருந்து ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்து அனுப்ப முடிஞ்சா அனுப்புங்க, வீங்கின பக்கத்தையும் வீங்காத பக்கத்தையும் சேத்துப் பாத்தாத்தான் அளவு புரியும்.

கிளினிக் பூட்டியிருக்குன்னு சொன்னீங்க. பூட்டின கிளினிக்கோட நம்பருக்கும் ஒரு தடவை போன் பண்ணிப் பாருங்க, பல பேர் லீவு நாள்ல யாரக் கூப்பிடணும்னு ரெக்கார்டு பண்ணி வெச்சிருப்பாங்க, இல்ல கதவுல எழுதி ஒட்டியிருப்பாங்க, பழைய பேஷன்ட்டுன்னா டாக்டரே பேசுவார். அது நடக்கலன்னா பல் மருத்துவக் கல்லூரியோட சேர்ந்த ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கான்னு பாருங்க, அங்க பல இடத்துல டியூட்டி டாக்டர் இருப்பாங்க, செலவும் பொதுவா கம்மி. அதுவும் இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, போறதுக்கு முன்னாடி போன்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "முகம் தாடை சர்ஜன் இருக்காரா, கூப்பிட்டா வருவாரா?" ஏன்னா எல்லா எமர்ஜென்சிலயும் பல்லுக்கு ஆள் இருக்க மாட்டாங்க, அங்க வலி ஊசியும் ஆன்டிபயாடிக்கும் போட்டு நாளைக்கு பல் டாக்டரப் பாருங்கன்னு அனுப்புவாங்க. வெறும் பல்வலிக்கு அங்க போனா ராத்திரி முழுக்க காத்திருந்து வெறும் மாத்திரையோட திரும்புவீங்க, அத தெரிஞ்சுக்கிட்டு போங்க. ஆனா மேல சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தா எந்த எமர்ஜென்சியா இருந்தாலும் மொதல்ல உள்ள போயிடுங்க, மூச்சப் பாத்துக்க அவங்களுக்குத் தெரியும், சர்ஜன் அப்புறமா வரட்டும்.

ஒரு பல் டாக்டர் கிடைச்சுட்டார்னு வெச்சுக்குவோம். அன்னிக்கே ரூட் கேனால் முடிச்சு கேப் போட்டு அனுப்புவார்னு எதிர்பாக்காதீங்க, எமர்ஜென்சில செய்யறது ஒண்ணே ஒண்ணு, சீழுக்கு வழி விடறது. எக்ஸ்ரே எடுப்பார், பல்ல மேல தொறந்து உள்ள இருக்கறத வெளிய விடுவார், இல்ல ஈறுல சின்னதா கீறி விடுவார், காப்பாத்தவே முடியாத பல்லுன்னா எடுத்துடுவார். சீழ் வெளிய வந்த அடுத்த நிமிஷமே அழுத்தம் எறங்கி ஆள் மூஞ்சியே தெளியும், எத்தனையோ தடவை பாத்திருக்கேன், சேர்ல ஒக்காந்தபடியே தூங்கிடுவாங்க. "வீக்கம் இருக்கு, மாத்திரை போட்டு வீக்கம் வத்தினப்புறம்தான் பல்லத் தொடுவேன்"னு யாராவது சொன்னா, ஏன்னு மரியாதையா கேளுங்க. வாய் தொறக்கவே முடியல, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு காரணம் இருக்கலாம், காரணம் இல்லாம வெறும் பழக்கத்துல சொன்னா இன்னொரு டாக்டரப் பாருங்க. மரப்பு ஊசி கேக்காம போகுமோன்னு பயம் இருக்கும், ரொம்ப வீங்கின இடத்துல ஊசி கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கும், அதுக்கு வேற எடத்துல போடற ஊசி இருக்கு, வலிச்சா கையத் தூக்குவேன்னு மொதல்லயே சொல்லி வெச்சுக்குங்க, நிறுத்திட்டு இன்னொண்ணு போடுவாங்க.

உங்க கேள்விக்கு இதுவே போதும், ஆனா இதப் படிக்கறவங்க வேற எமர்ஜென்சியோடயும் வருவாங்க, அதனால இன்னும் கொஞ்சம் எழுதறேன். முக்கியமா ஒண்ணு, அதுல மட்டும் நிமிஷக் கணக்கு உண்டு. அடிபட்டு பல்லு முழுசா வேரோட வெளிய வந்துடறது.

ஒரு சாயங்காலம் பத்து வயசுப் பையன் ஒருத்தன அப்பா தூக்கிட்டு ஓடி வந்தார், சைக்கிள்லேருந்து விழுந்து முன்பல்லு ஒண்ணு போயிடுச்சு. பல்லு எங்கன்னு கேட்டா சட்டைப் பையிலேருந்து டிஷ்யூ பேப்பர்ல பொட்டலமா மடிச்சு எடுத்துக் குடுத்தார். மண்ணு ஒட்டியிருந்துச்சாம், அதனால சோப்பு போட்டு தேச்சுக் கழுவி பளபளன்னு துடைச்சு, ஒன்றரை மணி நேரம் பையில வெச்சிருக்கார். அந்த மனுஷன் பாசத்துல செஞ்சது. ஆனா பல்லோட வேர் மேல ஈரமா மெல்லிசா ஒரு தோல் மாதிரி இருக்கு, அதுல உயிரோட இருக்கற செல்லுதான் பல்ல திரும்ப எலும்போட ஒட்ட வைக்கும், தேச்சா அது போயிடும், காஞ்சா செத்துடும். திரும்ப வெச்சோம், வெச்சதுல பலன் இருந்துச்சு, வளர்ற வயசுல அந்த இடத்துல எலும்பு சூம்பிடாம புடிச்சு நிக்கும். ஆனா அந்தப் பல்லு காலத்துக்கும் நிக்காதுன்னு அப்பாகிட்ட சொல்ல வேண்டியிருந்துச்சு.

என்ன பண்ணியிருக்கணும்னா, பல்ல வெள்ளையா தெரியற தலைப்பக்கத்தப் புடிச்சு எடுக்கணும், வேர்ல விரலே படக்கூடாது. மண்ணு இருந்தா பால்லயோ அவன் எச்சிலயோ லேசா அலசணும், எதுவும் இல்லன்னா குழாய்த்தண்ணியில சில வினாடி மட்டும், தேய்க்கக் கூடாது. உடனே அதே இடத்துல, பக்கத்துப் பல்லு எப்படி நிக்குதோ அதே திசையில, மெதுவா அழுத்தி உள்ள வைக்கணும், சுத்தமான துணியக் கடிக்க வெச்சு நேரா பல் டாக்டர். கை நடுங்குது, வைக்க முடியலன்னா ஒரு டம்ளர் குளிர்ந்த பால்ல போட்டு எடுத்துட்டு ஓடுங்க. பால் இல்லன்னா அவனையே ஒரு கப்புல துப்பச் சொல்லி அந்த எச்சில போடுங்க. தண்ணியில ஊற வைக்காதீங்க, அந்த செல்லுங்க தண்ணியில வெடிச்சுடும். 15 நிமிஷத்துக்குள்ள உள்ள போனா அருமை, வெளிய காஞ்சுபோய் 60 நிமிஷம் தாண்டினா அந்த செல்லு எதுவும் மிஞ்சாது, அப்பவும் பல்லோட போங்க, டாக்டர் முடிவு பண்ணட்டும். வெச்சப்புறம் பக்கத்துப் பல்லோட சேத்து மெல்லிசா கம்பி கட்டி சுமார் 2 வாரம் விடுவாங்க, டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னும் கேப்பாங்க, ஞாபகம் வெச்சுக்குங்க. இதெல்லாம் நிலையான பல்லுக்குத்தான். சின்னக் கொழந்தையோட பால்பல்லு விழுந்தா திரும்ப வைக்கவே கூடாது, உள்ள வளர்ற பல்லக் குத்தி கெடுத்துடும். அடி பட்டப்ப மயக்கம் போட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ பல்ல மறந்துடுங்க, தலைய ஸ்கேன் பண்ற ஆஸ்பத்திரிக்கு போங்க, கடிச்சா பல்வரிசை மொத்தமா மாறியிருந்தா தாடை எலும்பு உடைஞ்சிருக்கலாம், அதுவும் ஆஸ்பத்திரி கேஸ்தான்.

பல்லு பாதி உடைஞ்சிருந்தா அந்தத் துண்டையும் ஈரமா எடுத்துட்டு வாங்க, பல சமயம் அதையே ஒட்டிடலாம். உடைஞ்ச இடத்துல செவப்பா ஒரு பொட்டோ ரத்தமோ தெரிஞ்சா நரம்பு வெளிய தெரியுதுன்னு அர்த்தம், அன்னிக்கோ மறுநாளோ காட்டணும், தெரியலன்னா சில நாள் பொறுக்கலாம். கேப் கழண்டு வந்தா பத்திரமா வைங்க, மருந்துக்கடையில தற்காலிக பல் சிமென்ட் கிடைக்கும், வீட்ல இருக்கற கோந்து, பசை எதையும் வாய்க்குள்ள கொண்டு போகாதீங்க.

பல்லு எடுத்த அன்னிக்கு ராத்திரி ரத்தம் நிக்கலன்னு பதறி வர்ற போன் நிறைய. எச்சில கலந்து வர்றதால நாலு சொட்டும் நாப்பது சொட்டா தெரியும். சுத்தமான காஸ் துணிய ஈரமாக்கி கெட்டியா மடிச்சு அந்தக் குழிமேல வெச்சு 30 நிமிஷம் அழுத்திக் கடிக்கணும், கடியாரத்தப் பாத்து 30 நிமிஷம், நடுவுல நின்னுச்சான்னு எடுத்துப் பாக்கவே கூடாது, எல்லாரும் அதுலதான் தப்பு பண்றாங்க, ஒவ்வொரு தடவை எடுக்கறப்பவும் உறைஞ்ச ரத்தம் கூடவே வந்துடும். துப்பாதீங்க, கொப்பளிக்காதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க. ரெண்டு தடவை இப்படிப் பண்ணியும் வாய் நிறைய ரத்தம் வந்தா ஆஸ்பத்திரி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கன்னா மொத தடவை நிக்கலன்னாலே கிளம்புங்க, ஆனா அந்த மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. பல்லு எடுத்து ரெண்டு மூணு நாள் கழிச்சு வலி கொறையறதுக்கு பதிலா காது வரைக்கும் இழுத்து, வாய் நாத்தமும் அடிச்சா குழியில ரத்தக்கட்டி போய் எலும்பு வெளிய தெரியுதுன்னு அர்த்தம், உயிருக்கு ஆபத்து இல்ல, வலி மட்டும் பயங்கரமா இருக்கும். டாக்டர் அலசி மருந்து வெச்ச துணிய உள்ள வெச்சா கொஞ்ச நேரத்துலயே அடங்கும். புகை பிடிக்கறவங்களுக்கு இது அதிகம் வரும்.

இன்னொண்ணு. கீழ்த்தாடை வலிக்குது, எந்தப் பல்லுன்னு காட்ட முடியல, மாடி ஏறினா வலி கூடுது, ஒக்காந்தா குறையுது, கூடவே வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு அடைக்குது, இடது கை கனக்குதுன்னா அது பல்லு இல்ல, மாரடைப்பா இருக்கலாம். ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சுவலியே இல்லாம வெறும் தாடைவலியா வரவும் வாய்ப்பு இருக்கு, அதனால இத உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

சரி, அம்மாவ கூட்டிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி சுகர் ஒரு தடவை செக் பண்ணி நேரத்தோட எழுதிக்குங்க, கிருமி இருக்கறப்ப சுகர் ஏறும், சுகர் ஏறினா கிருமி இன்னும் வேகமா பரவும், அந்த நம்பர் டாக்டருக்கு வேணும். சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்குங்க, அந்த மிச்ச ஆன்டிபயாடிக்கும் சேத்து, ஏற்கனவே ஒண்ணு ரெண்டு குடுத்துட்டீங்கன்னா மறைக்காம சொல்லிடுங்க, யாரும் திட்ட மாட்டாங்க. கிளினிக்குன்னா லேசா ஏதாவது சாப்பிட வெச்சுக் கூட்டிட்டுப் போங்க, சுகர் மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்தோட சேர்ல ஒக்காந்தா மயக்கம் வரும். ஆபத்து அறிகுறி இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறீங்கன்னா சாப்பிடக் குடுக்காதீங்க, முழு மயக்கம் குடுக்க வேண்டி வரலாம், அந்த நேரத்து சுகர் மாத்திரை, இன்சுலின் பத்தியும் அங்கயே கேட்டுக்குங்க. வீக்கத்தோட ஓரத்த பேனாவால லேசா கோடு போட்டு நேரத்த எழுதி வைங்க, எமர்ஜென்சில நாங்களே அப்படித்தான் பண்ணுவோம். வைத்தியம் பண்ணி வீட்டுக்கு வந்தப்புறமும் அந்தக் கோட்டப் பாத்துக்கிட்டே இருங்க, ரெண்டு நாள்ல வீக்கம் கோட்டுக்கு உள்ள சுருங்கணும். கோட்டத் தாண்டி வெளிய வந்துச்சுன்னா நடு ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.